கிளப் பிரிட்ஜ்ல தகராறு: ரிவோக்குக்கு ஒரு ட்ரிக்கா ரெண்டா, கத்துறவுகள என்ன பண்றது?

காரைக்குடி_நார்த் கேட்டது:

வணக்கம். காரைக்குடில சின்ன கிளப் ஒண்ணு, வாரம் ஒரு சாயங்காலம் டூப்ளிகேட் (ஒரே சீட்டுக் கைகள எல்லா டேபிளும் ஆடுற பிரிட்ஜ்) நடத்துறோம், நல்ல நாள்ல அஞ்சு டேபிள் சேரும், முகூர்த்த மாசத்துல மூணு தேறுனாலே பெருசு. ஆடுறவுகள்ல பாதிப்பேர் பேங்க் உத்தியோகம் பாத்து ரிட்டயராகி ஊரோட வந்துட்டவுக, மீதிப்பேர் லாக்டவுன்ல பிபிஓல (ஆன்லைன்ல பிரிட்ஜ் ஆடுற சைட்டு) கத்துக்கிட்டவுக. செக்ரட்டரி பொறுப்ப இப்பதான் என் தலைல கட்டுனாக, டைரக்டரும் (தகராறு வந்தா விதிப்படி தீர்ப்பு சொல்றவரு) நானே, ஆள் கொறஞ்சா சீட்டு பிடிக்கிறதும் நானே.

போன வாரம் நடந்தது. காண்ட்ராக்ட் நாலு ஸ்பேட், அதாவது ஸ்பேட் துருப்பு, பதிமூணுல பத்து ட்ரிக் (நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போடுற ஒரு சுத்து) எடுத்தாகணும். டிக்ளேரர், அதாவது அந்தக் காண்ட்ராக்ட ஆடுறவரு, எங்க கிளப்புலயே மூத்தவரு, பிரமாதமா ஆடுவாரு, வாய்தான் கொஞ்சம் நீளம். நடுவுல டைமண்ட் வந்தப்ப கையிலேர்ந்து துருப்பப் போட்டு வெட்டி எடுத்துக்கிட்டாரு, மூணு ட்ரிக் கழிச்சு அதே கையிலேர்ந்து டைமண்ட் எட்டு வெளில வருது. கேட்ட ரகம் கையில இருந்தும் வேற சீட்டப் போடுறது, இதத்தான் ரிவோக்குங்கிறது. கடைசி வரைக்கும் ஆடி பத்து ட்ரிக் எடுத்தாச்சு. வெஸ்ட்ல இருந்த பிள்ள, புதுசா சேந்தது, "சார் டைமண்ட முன்னாடி வெட்டுனீங்கல்ல"ன்னு மெதுவாத்தான் கேட்டுச்சு. அவ்வளவுதான், தன் சீட்ட எல்லாம் சேத்து அள்ளி மேசைல வீசிட்டு "நான் ஆட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவேயில்ல"ன்னு ஆரம்பிச்சவரு நிறுத்தல, பக்கத்து டேபிள்ல பிட்டிங்கே (ஏலம் கேக்குறது) நின்னு போச்சு. நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள அவுகளே பேரம் பேசி, ஒரு ட்ரிக் கழிச்சு ஒன் டவுன்னு எழுதிட்டாக. அந்தப் பிள்ள ரெண்டுன்னு சொல்லுது, இவரு ஒண்ணுக்கு மேல கெடையாதுங்கிறாரு.

எது சரி? எழுதுனத மாத்தலாமா? அப்புறம் முக்கியமா, வயசுல பெரியவர இப்படிக் கத்தும்போது எப்படிச் சமாளிக்கிறது? அந்தப் பிள்ள இந்த வாரம் வரல, கேட்டா வேலை இருக்குன்னு சொல்லுது.

தேவகோட்டை_டிடி:

ரெண்டுதான். வெட்டுன ட்ரிக்க அவரே கையால ஜெயிச்சிருக்காரு, அதுக்கப்புறமும் அவுக சைடு ட்ரிக் எடுத்துருக்கு, அப்ப அந்த ட்ரிக்கும் பின்னாடி எடுத்ததுல ஒண்ணும் எதிராளிக்குப் போகும். பத்து எட்டாச்சு, டூ டவுன். நான்வல்னா (தோத்தா அபராதம் கொறைவா இருக்கற நெலைன்னா) ப்ளஸ் 420 வர வேண்டிய எடத்துல மைனஸ் 100. ரிவோக் பண்ணவரு அந்த ட்ரிக்க ஜெயிக்காம, அவரு சைடு அதயோ பின்னாடி ஒண்ணயோ எடுத்திருந்தா மட்டும்தான் ஒரு ட்ரிக். இதுல ஒரு நுணுக்கம், டம்மி (மேசைல விரிச்சு வச்ச பார்ட்னர் கை) ஜெயிச்ச ட்ரிக்க டிக்ளேரர் ஜெயிச்சதா இந்த விதியில எடுத்துக்க மாட்டாக, நெறைய பேரு இங்கதான் தடுமாறுவாக. ரிவோக்குக்கு முன்னாடி எடுத்த ட்ரிக்கத் தொடவே கூடாது. ட்ரிக்கே மாத்தியும் எதிராளிக்கு நட்டம் ஈடாகலேன்னா டைரக்டர் ஸ்கோரத் திருத்தலாம், அதுவும் விதி புக்குல 64வது விதியில இருக்கு.

பெரியவரு வேணும்னே பேசுறாருன்னு நெனக்காதீக. 2007க்கு முந்தின புக்குல இந்தக் கணக்கே வேற, ரிவோக் பண்ணவரு அப்ப போட்டிருக்க வேண்டிய சீட்ட வச்சு பின்னாடி ட்ரிக் ஜெயிச்சாரான்னெல்லாம் பாப்பாக. அந்தக் காலத்துல படிச்சவுக மண்டைக்குள்ள ஒண்ணும் ரெண்டும் கலந்து கெடக்கு. இப்ப நடைமுறைல இருக்கறது 2017 புக்கு, உலக பிரிட்ஜ் ஃபெடரேஷன் சைட்லயே இலவசமா கெடைக்குது, பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்ட் பண்ணி ஸ்கோர் ஷீட்டு பக்கத்துல வைங்க. வாயால சொல்லாதீக, பக்கத்தத் தொறந்து வாசிச்சுக் காட்டுங்க. நீங்க சொன்னா அவருக்கு நீங்க எதிரி, புக்கு சொன்னா கோவம் யார் மேலயும் போகாது.

சீட்டக் கலைச்சு வீசுனாருன்னு எழுதியிருக்கீக பாருங்க, எனக்கு அதுதான் பெருசாப் படுது. ரிவோக்குன்னு ஒருத்தர் சொன்னதுக்கப்புறம் சீட்டக் கலைச்சு, நடந்தத டைரக்டர் கண்டுபிடிக்க முடியாம ஆக்குனா, தீர்ப்பு எதிராளி பக்கம்தான். 66வது விதி. இத எல்லாருக்கும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டுனீகன்னா அடுத்த தடவ சீட்டு வரிசையா அப்படியே இருக்கும்.

அவுகளா எழுதுன ஒன் டவுன் செல்லாது, என்ன பரிகாரம்னு தீர்மானிக்கிற உரிமை ஆடுறவுகளுக்குக் கெடையாது, டைரக்டருக்கு மட்டும்தான். அன்னைக்கே மாத்தியிருக்கலாம். நீங்க வேற நேரம் வச்சிருக்கலேன்னா, ஸ்கோர் போட்டு அரை மணிநேரம் தாண்டிட்டா ரூலிங் கேக்கற உரிமையும் முடிஞ்சது. போன வாரத்த விட்ருங்க.

எப்பவும்_டம்மி:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன் கோவிச்சுக்காதீக. அஞ்சு டேபிள் கிளப்புக்கு புக்கு, விதி நம்பர், டைரக்டர்னு ஆரம்பிச்சா ஆடவே ஆள் வராது. எங்க பக்கம் சாயங்காலம் வர்றதே நாலு வார்த்த பேசவும் காபியும் மசால் சீயமும் சாப்பிடவும்தான், சீட்டுன்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும், முந்நூத்தி நாலு ஆடுற எடத்துல போயி பாருங்க இதெல்லாம் சத்தமேயில்ல. தெரியாமப் பண்ண ரிவோக்குக்கு ரெண்டு ட்ரிக் பிடுங்குறது எனக்கு அநியாயமாத்தான் படுது. எதிராளியே பரவால்ல விடுங்கன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே.

தேவகோட்டை_டிடி:

விடலாம் டம்மி, அதுக்கும் வழி இருக்கு. எதிராளி கேட்டுக்கிட்டா, காரணம் இருந்தா, பரிகாரத்தத் தள்ளுபடி பண்ற அதிகாரம் டைரக்டருக்கு உண்டு. டேபிள்ல நாலு பேரும் அவுகளாப் பேசி முடிக்கிறதுதான் தப்பு, ஏன்னா பேரம்னு வந்துட்டா கொரல் ஒசந்தவருதான் ஜெயிப்பாரு. வெஸ்ட்ல இருந்த பிள்ளைக்கு ரெண்டுன்னு தெரிஞ்சிருந்தும் ஒண்ணுக்குத்தானே ஒத்துக்கிச்சு?

இன்னொன்னு, பிபிஓல பழகுனவுகளுக்கு ரிவோக், முறை மாத்தி லீட் இதெல்லாம் கண்ணாலயே பாத்துருக்க மாட்டாக, சாஃப்ட்வேர் விடவே விடாது. நேர்ல வந்து டைரக்டரக் கூப்புடுறதுன்னா போலீஸக் கூப்புடுற மாதிரி கூசுவாக. நார்த், நீங்க ஆரம்பிக்கும்போதே எல்லாரும் கேக்க சொல்லிருங்க, சந்தேகம்னா கையத் தூக்கி "டைரக்டர், ப்ளீஸ்"னு மட்டும் சொல்லணும், யாரு தப்புன்னு சொல்ல வேண்டியதில்ல, நான் வர்ற வரைக்கும் அடுத்த சீட்டு விழக்கூடாதுன்னு.

பள்ளத்தூர்_ஆச்சி:

எல்லாரும் ட்ரிக்கயே எண்ணிக்கிட்டு இருக்கீக, வராமப் போன பிள்ளையப் பத்தி யாரும் பேசலையே.

நானும் பிபிஓல கத்துக்கிட்டு கிளப்புக்குப் போனவதான். எனக்கு வாச்ச பார்ட்னர் ஒவ்வொரு போர்டு (ஒரு கை ஆட்டம்) முடிஞ்சதும் நான் என்ன போட்டிருக்கணும்னு எதிராளி முன்னாடியே பாடம் எடுப்பாரு, மூணு நோட்ரம்ப் மேக் ஆனா அவரு ஆட்டம், ஒடஞ்சா என் பிட்டு. ஒரு நாள் ஹார்ட் ராணிய எப்ப விட்டேன்னு கேட்டு அடுத்த போர்டு பிட்டிங் நடக்கும்போதும் முனகிக்கிட்டே இருந்தாரு, எதிராளி ரெண்டு பேரும் குனிஞ்சு சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக, எனக்கு அந்த எடத்துல உக்காரவே முடியல. தப்பு பண்ணதுக்குச் சொல்லட்டும், வேணாங்கல, வீட்டுக்குப் போற வழில சொல்லட்டும். அடுத்தவுகளுக்குச் சங்கடம் வர்ற மாதிரி பேசக்கூடாதுன்னு அந்த விதி புக்குலயே இருக்குன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது, 74. அத யாரும் வாசிச்சுக் காட்டுறதில்ல, ரிவோக்க மட்டும் வரி வரியா வாசிக்கிறாக.

தம்பி, நீங்க மொதல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க. வான்னு சொல்லாதீக. "நீ கேட்டது சரி, ரெண்டு ட்ரிக்தான், நான்தான் வந்து சொல்லியிருக்கணும்"னு மட்டும் சொல்லுங்க. வருதா இல்லையான்னு அது பாத்துக்கிடும். பெரியவருகிட்ட சபைல பேசாதீக, தனியா, அவரு மதிக்கிற ஆள் யாராச்சும் ஒருத்தர வச்சுக்கிட்டுப் பேசுங்க.

காரைக்குடி_நார்த்:

ஆச்சி சொன்னது சுருக்குன்னு பட்டுச்சு. போன் போட்டுட்டேன், நல்லாப் பேசுச்சு.

பெரியவருகிட்டயும் அவரோட பழைய பார்ட்னர கூட்டிக்கிட்டுப் போயிப் பேசியாச்சு. புக்க வாங்கி 64 முழுசாப் படிச்சாரு, ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இத எப்ப மாத்துனாய்ங்க"ன்னாரு. கத்துனதப் பத்தி மட்டும் பிடி குடுக்கல, அது விளையாட்டுச் சூடுங்கிறாரு. திரும்பக் கத்துனா என்ன பண்றது? இன்னொரு தகராறும் வழக்கமா வருது, ஒருத்தர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு பாஸ் சொல்றாரு, உடனே பார்ட்னர் பிட் போடுறாரு, எதிராளி "யோசிச்சதுனாலதான் போட்ட"ன்னு கௌம்பிடுறாக. நானும் அதே போர்ட ஆடணுமே, என்னன்னு சொல்றது.

தேவகோட்டை_டிடி:

யோசிக்கிறது குத்தமில்ல, அத மொதல்ல சொல்லிருங்க, பாதிச் சண்டை அதுலதான். பார்ட்னர் யோசிச்சதுலேர்ந்து கெடைச்ச சேதிய வச்சு லாபம் பாக்கக் கூடாது, அதுதான் விதி. எதிராளி டைரக்டரக் கூப்புட்டு "இவ்வளவு நேரம் நின்னுச்சு"ன்னு பதிவு பண்ணா போதும். யோசிச்ச சைடு ஒத்துக்கிட்டா ஆட்டத்தத் தொடரச் சொல்லுங்க. நீங்க ஆட வேண்டிய போர்டுன்னா கையப் பாக்காதீக, கடைசில உக்காந்து முடிவு சொல்றேன்னு சொல்லிருங்க. அப்புறம் பிட் போட்டவரு கைய மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, அதே அளவுக்கு ஆடுற, அந்த போர்ட இன்னும் ஆடாத மூணு நாலு பேருகிட்ட தனித்தனியாக் காட்டி பிட்டிங்கச் சொல்லி "நீங்கன்னா என்ன சொல்லுவீக"ன்னு கேளுங்க, யாரோ யோசிச்சாங்கறத மட்டும் சொல்லாதீக. எல்லாரும் பிட்தான்னா அந்தப் பிட்டுல பிரச்சினை இல்ல. ரெண்டு பேரு பாஸ்னு சொன்னா பாஸும் ஒரு வழிதான், யோசனை பிட்டத்தான் காட்டிக் குடுத்துச்சுன்னா ஸ்கோரத் திருத்தணும். பிட் போட்டவரு பொய்க்காரர்னு அர்த்தமில்ல, இத அவருகிட்டயே சொல்லிருங்க.

கத்துறதுக்கு 91வது விதி இருக்கு. டைரக்டர் பாயிண்ட் கொறைக்கலாம், அன்னைய ஆட்டத்துலேர்ந்து வெளிலயும் உக்கார வைக்கலாம், அந்த முடிவ அப்பீல்ல மாத்த முடியாது. ஆனா மொத தடவயே அதத் தூக்காதீக. கமிட்டில பேசி எழுதி வைங்க: மொதல்ல எச்சரிக்கை, ரெண்டாவது பாயிண்ட், மூணாவது அன்னைக்கு வீட்டுக்கு. எல்லாரும் கையெழுத்துப் போடணும், பெரியவரு கையெழுத்து மொதல்ல விழட்டும்.

எப்பவும்_டம்மி:

சரி, தள்ளுபடி விஷயம் எனக்குத் தெரியாது, ஏத்துக்கிறேன். ஆனா கையெழுத்து எல்லாம் வாங்கப் போனா பேங்க் லோன் மாதிரி ஆயிரும், நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா பத்தாதா?

பள்ளத்தூர்_ஆச்சி:

ஒட்டுனா யாரு படிக்கப் போறா. போன வருஷ சந்தா பாக்கி லிஸ்டே இன்னும் அங்கதான் தொங்குது.

காரைக்குடி_நார்த்:

கையெழுத்தே வாங்கிடுறேன். டிடி, வர்ற வாரம் சாயங்காலம் சும்மா இருந்தா வண்டியக் கட்டிக்கிட்டு வாங்களேன், மொத நாள் டைரக்டரா நீங்க நில்லுங்க, நான் சீட்டப் பிடிச்சுக்கிறேன்.