பந்தல் மூன்றே வருடத்தில் சாய்ந்துவிட்டது, இந்த முறை எதில் போடுவது?

மண்வெட்டி:
வணக்கம் நண்பர்களே. மூன்று வருடத்துக்கு முன் வீட்டுத் தோட்டத்தில் மரக்கால் நட்டு, மேலே கம்பி இழுத்து எட்டுக்குப் பத்தடியில் ஒரு பந்தல் போட்டிருந்தேன். போன வாரம் மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில், பூவும் பிஞ்சுமாகப் பூசணிக்கொடி ஏறியிருந்த பந்தல் அப்படியே ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. கொடியை அறுக்க மனசு வராமல் பாதி நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாகப் பிரித்து எடுத்தேன்.

விழுந்த கால்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியவில்லை. மேலே ஆறடியும் ஆணி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. குழிக்குள் இருந்த அடிப்பாகமும் பரவாயில்லை. மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் ஈரத் தவிடு மாதிரி விரலில் உதிர்கிறது. இத்தனைக்கும் நடும்போது தார் பூசி, சுற்றிலும் சிமெண்ட் கலவை போட்டுத்தான் நட்டேன்.

இந்த முறை போட்டால் பதினைந்து வருடமாவது நிற்க வேண்டும். இரும்புக் குழாயா, கல் தூணா, வேறு மரமா? கூடவே எட்டுக்கு நாலடியில், ஓரடி உயரத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி கட்டப் போகிறேன். அதற்குப் பலகையா செங்கலா என்பதையும் சொல்லுங்கள்.

இழைப்புளி:
நீங்கள் சொன்ன அந்த ஒரு சாணில்தான் எல்லாம் இருக்கிறது. மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் இருக்கும், காற்று குறைவு. மேலே காற்று உண்டு, மழை நின்றதும் மரம் காய்ந்துவிடும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கிற இடம் மண்மட்டம்தான். அதனால் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் முதலில் அங்கேதான் உளுக்கும்.

சிமெண்ட் போட்டது நல்லதற்கு என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் மரம் காயும்போது சுருங்கும், சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும், மேலிருந்து வழிகிற தண்ணீர் அதில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தில் வைத்த மாதிரி அங்கேயே நிற்கும். தார் மேலே பட்ட ஈரத்தைத் தடுக்கும். உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது.

மரத்தில்தான் போடுவேன் என்றால் மரத்தை மண்ணில் நடாதீர்கள். சிமெண்ட் பீடம் கட்டி, அதில் இரும்புப் பாதம் பதித்து, அதன்மேல் காலை நிறுத்தி போல்ட் போடுங்கள். மரத்தின் அடி தரையிலிருந்து நாலு விரலாவது தூக்கி நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் கால் தானாக நேராக நிற்காது என்பதை மறக்கக் கூடாது. மண்ணில் புதைத்த கால் மண்ணின் பிடியில் நிற்கும், பாதத்தில் வைத்த கால் கீல் போல ஆடும். ஒவ்வொரு மூலையிலும் காலிலிருந்து மேல்சட்டத்துக்குச் சாய்வாக ஒரு முட்டுக்கட்டை கட்டாயம் வேண்டும், இரண்டு திசையிலும்.

மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த நடுக்கட்டையாகப் பாருங்கள். வெளிப்புறம் வெள்ளையாக இருக்கும் பகுதி எந்த மரத்திலும் சீக்கிரம் போய்விடும், தேக்கானாலும் சரி.

துருப்பிடிக்காதவன்:
மேலே சொன்னது இரும்புக்கும் பொருந்தும், துருவும் மண்மட்டத்தில்தான் ஆரம்பிக்கும். குழாய் போடுவதாக இருந்தால் சிமெண்டைத் தரைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே வரை எழுப்பி, குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்.

துருப்பிடிக்காமல் இருக்கக் குழாய்க்குப் போடும் துத்தநாகப் பூச்சில் இரண்டு வகை உண்டு. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது பொதுவாக 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமன் இருக்கும், மங்கலான சாம்பல் நிறம். மின்முலாம் பூசியது பளபளவென்று கண்ணைப் பறிக்கும், பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். வெளியில் மழையில் நிற்பதற்கு முதல் வகைதான். லேசாகக் கீறல் விழுந்தாலும் சுற்றியிருக்கிற துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

இப்போது பலரும் கோட்டைவிடும் இடம்: வெல்டிங். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகி 907-இல் ஆவியாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. ஆகவே பற்றவைத்த ஒவ்வொரு மூலையிலும் பூச்சே இல்லாத வெற்று இரும்புதான் மிஞ்சுகிறது, அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் சட்டத்தில் நான்கு மூலையும் இப்படித்தான் போயின; குழாயின் நடுப்பகுதி இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. முடிந்தவரை கிளாம்ப், போல்ட் போட்டு இணையுங்கள். பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் கம்பி பிரஷால் கசடு போகத் தேய்த்து, துத்தநாகத் தூள் கலந்த பிரைமர் இரண்டு கை அடித்து, அப்புறம் பெயிண்ட். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

குழாயின் மேல்வாயை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். திறந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே நிறைந்து, குழாய் வெளியே அழகாக இருக்க உள்ளிருந்தே துரு தின்றுவிடும்.

கல் தூண் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், பூஞ்சை, கறையான், துரு மூன்றும் அதனிடம் செல்லாது. கனம்தான் தொல்லை, தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகட்டும்.

மூன்றாம்பாத்தி:
பாத்தி பற்றி யாரும் சொல்லவில்லையே. எட்டுக்கு நாலுக்கு ஓரடி என்றால் 32 கன அடி மண். நனைந்தால் ஒரு டன்னைத் தாண்டும், அது பக்கவாட்டிலும் தள்ளிக்கொண்டே இருக்கும். எட்டடிப் பலகையின் நடுப்பகுதி ஒரே மழைக்காலத்தில் வயிறு தள்ளிவிடும். நடுவில் குறுக்கே ஒரு கம்பியோ பட்டையோ போட்டு இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டுங்கள்.

என் ஓட்டு செங்கலுக்கு, ஆனால் நன்றாக வெந்த செங்கலுக்கு மட்டும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப எடை போடுங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் வேண்டாம். வேகாத கல் ஈரமண்ணை ஒட்டி இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். கீழ்வரிசையில் இரண்டடிக்கு ஒரு இடத்தில் கலவை போடாமல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் வடிய.

பழைய ரயில் தண்டவாளக் கட்டை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காய்கறிப் பாத்திக்கு வாங்காதீர்கள். அதில் ஊறியிருப்பது கிரியோசோட் என்கிற, நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் நச்சு எண்ணெய், மண்ணிலும் கையிலும் இறங்கும். பச்சை நிறத்தில் பதப்படுத்திய பழைய பலகைகளில் ஆர்செனிக் இருக்கலாம். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு அந்த வகையை வீட்டு உபயோகத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஆனால் பழைய கட்டைகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. குழந்தைகள் விளையாடுகிற இடம், சாப்பிடுகிற காய். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மண்வெட்டி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாத்தி செங்கல்தான், முடிவாகிவிட்டது. பந்தலுக்கு ஒரு யோசனை. பழைய கால்களில் உளுத்த பகுதியை அறுத்துவிட்டு, கெட்டியாக இருக்கிற மேல்பாகத்தையே பாதத்தில் நிறுத்தினால் என்ன? புதுமரம் வாங்க மனசில்லை.

இழைப்புளி:
தாராளமாக. ஆனால் உதிர்கிற இடத்தோடு நிறுத்தாமல் அதற்கு மேல் இன்னும் ஓரடி தள்ளி அறுங்கள், பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டி ஓடியிருக்கும். அறுத்த முகத்தை ஊசியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் இன்னும் கொஞ்சம். உயரம் குறைகிறதே என்று கவலை வேண்டாம், பீடத்தை ஓரடிக்கு எழுப்பினால் சரியாகிவிடும், மரமும் மண்ணிலிருந்து நன்றாக விலகி நிற்கும். அறுத்த முகம் மேல்நோக்கி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையின் குறுக்கு முகம்தான் ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும், மேலே வருகிற நுனிக்கு ஒரு தகரத் தொப்பி போட்டுவிடுங்கள்.

துருப்பிடிக்காதவன்:
அப்படியானால் போல்ட் மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். அப்புறம் வலையோ கம்பியோ கட்டும்போது வெள்ளை நைலான் கேபிள் டை வேண்டாம், வெயிலில் காய்ந்து படக்கென்று முறியும். கறுப்பில், புறஊதாக் கதிரைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். பீடத்துக்கு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு நனைத்துவிட்டு, அதற்கப்புறம் காலை ஏற்றுங்கள்.