ஜூடோ பயிற்றுநர் டிரிட்டன் குக்காவுக்குத் தனிக்கட்டுரை தகுமா?

கேள்வி: தாத்தாமி

வணக்கம். கொசோவோ ஜூடோ அணியின் பயிற்றுநர் டிரிட்டன் குக்கா பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கான வரைவு என் மணல்தொட்டியில் (வெளியிடுமுன் எழுதிப் பார்க்கும் பக்கத்தில்) இருக்கிறது. மூன்று பத்தி, 7 சான்று. அதில் பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பின் தளத்திலிருந்து 3, வீரர் தரவுத்தளப் பக்கம் 1, பெயா நகரில் உள்ள அவருடைய ஜூடோ மன்றத்தின் சமூக வலைப்பக்கம் 1, மைலிண்டா கெல்மெண்டி ரியோவில் வென்றபோது வந்த நாளேட்டுச் செய்தி 2.

அவரிடம் பயின்ற மூவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார்கள்: 2016-இல் கெல்மெண்டி (52 கிலோ), டோக்கியோவில் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி (48 கிலோ), நோரா ஜாகோவா (57 கிலோ). இது போதாதா? பயிற்றுநர்களுக்கென்று தனி அளவுகோல் ஏதும் உண்டா?

பதில்: சான்றுஎங்கே

தனி அளவுகோல் இல்லை. பொதுவிதிதான்: அவரோடு தொடர்பில்லாத, நம்பகமான மூலங்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். தங்கம் வாங்கியது மாணவி. அந்தக் குறிப்பிடத்தக்கமை (தனிக்கட்டுரைக்கான தகுதி) ஆசிரியருக்குத் தானாக வந்து சேராது. மூன்று தங்கம் என்பது "இவரைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்கள், தேடு" என்று சொல்லும் நல்ல அறிகுறி. அதற்கு மேல் அதை நீட்ட முடியாது.

உங்கள் ஏழையும் வடிகட்டிப் பாருங்கள். போட்டியை நடத்துவதே கூட்டமைப்பு என்பதால் அதன் தளம் சுதந்திரமான மூலம் ஆகாது. தேதி, எடைப்பிரிவு, முடிவு ஆகியவற்றுக்குத் தாராளமாக மேற்கோள் காட்டலாம், தகுதிக்கணக்கில் சேர்க்கக் கூடாது. தரவுத்தளத்தில் இருப்பது பெயரும் எண்ணும்தான், அதுவும் கணக்கில் வராது. மன்றத்தின் பக்கம் அவரே பேசுவது போல. மீதி இரண்டு.

அந்த இரண்டையும் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். குக்காவின் பெயரை எடுத்துவிட்டு "பயிற்றுநர்" என்று மட்டும் போட்டாலும் பொருள் மாறாத வாக்கியங்களை அடித்துவிடுங்கள். "பயிற்றுநர் குக்கா மகிழ்ச்சி தெரிவித்தார்" என்ற வகை வரி முதலில் போகும். அவர் எங்கே பயிற்சி தொடங்கினார், என்ன முறையில் நடத்துகிறார், ஏன் அந்த ஊர் என்று சொல்லும் வரிகள் மட்டும் நிற்கும். ஒரு செய்தியில் அப்படி இரண்டு பத்தியாவது நின்றால் அது விரிவான கவனிப்பு. ஒற்றை வரி நின்றால் போகிறபோக்கில் வந்த குறிப்பு. நேர்காணலிலும் இதே கதைதான். அவர் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, செய்தியாளர் தாமாக எழுதிய பகுதியை மட்டும் எண்ணுங்கள்.

இத்தகைய மூலம் இரண்டு மூன்று இருந்தால் கவலையே வேண்டாம்.

பதில்: பழையபக்கம்

ஆங்கிலச் செய்திகளோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கக்கூடியவர்கள் அல்பேனிய மொழி ஏடுகள்தான். அங்கே ஜூடோ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டே வேறு: எக்ஸ், எச் என்ற இரு எழுத்துகளில் தொடங்கும். ஆங்கில எழுத்துக்கூட்டில் தேடினால் பாதிக்கு மேல் கண்ணில் படாது. அவரை டோனி குக்கா என்றும் எழுதுவார்கள். பெயா நகரம் செர்பிய மொழியில் பெச் ஆகிவிடும். இந்த வடிவங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தேடுங்கள். மூலம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்று விதி இல்லை. பிறமொழிச் சான்று என்றால் உரிய வரியையும் அதன் தமிழாக்கத்தையும் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி உரையாடும் பக்கத்தில்) போட்டுவிடுங்கள், சரிபார்க்கிறவருக்கு உதவும்.

யூகோஸ்லாவியா காலத்தில் அவரே போட்டியிட்டவர். அந்தக் காலச் செய்திகள் இணையத்தில் எளிதில் கிடைக்காது. கொசோவோ தலைநகர் பிரிஷ்டினாவிலிருந்து அல்பேனிய மொழியில் வந்த ரிலிந்த்யா நாளேடே 1990-இல் தடைசெய்யப்பட்டது. இணையத்தில் இல்லை என்பதால் எழுதப்படவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வரைவில் ஒரு பிழையும் கண்ணில் பட்டது. 2012 லண்டனில் கெல்மெண்டி கொசோவோவுக்காக ஆடியதாக இருக்கிறது. அவர் அங்கே ஆடியது அல்பேனியாவுக்காக. கொசோவோவைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு முழு உறுப்பினராக ஏற்றது 2014 டிசம்பரில். இப்படி ஒரு பிழை இருந்தால் படிக்கிறவர் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

பதில்: வெள்ளைப்பட்டை

டான் நிலையை (கறுப்புப்பட்டையில் உள்ள படிநிலையை) சொல்லித் தகுதி கேட்பவர்களும் உண்டு, அந்த வழிக்குப் போக வேண்டாம். ஆறாம் டான், ஏழாம் டான் என்பதெல்லாம் ஓர் அமைப்பு தன் ஆளுக்குத் தருவது. ஜூடோ ஆசிரியை கெய்கோ ஃபுகுடா 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பிடம் பத்தாம் டான் பெற்றார். அவருக்குக் கட்டுரை நிற்பது அந்த எண்ணால் அன்று. ஜூடோவில் பெண்களுக்கு இருந்த தடைகளோடு சேர்த்து அவர் வாழ்க்கையைப் பலர் விரிவாக எழுதியதால் நிற்கிறது.

அரசு விருது வேறு வகை. துரோணாச்சாரியா விருதை ஜூடோவுக்காக 2014-இல் குர்சரண் சிங் கோகியும் 2018-இல் ஜீவன் குமார் சர்மாவும் பெற்றார்கள். விருது பெற்றதற்கு அரசின் பட்டியலே சான்று. ஆனால் பட்டியலில் இருப்பது பெயர், விளையாட்டு, ஆண்டு. அதை வைத்து எழுதினால் ஒன்றரை வரிக் குறுங்கட்டுரைதான் கிடைக்கும். விருது கதவைத் திறக்கும், உள்ளே வைக்கப் பண்டம் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஆங்கில விக்கியில் 2022-க்குப் பிறகு "ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்" என்பது மட்டும் வீரர்களுக்கே போதுவதில்லை. பழைய கட்டுரைகளைக் காட்டி "அவருக்கு இருக்கிறதே" என்று வாதாடாதீர்கள்.

தாத்தாமி

நன்றி. பென்சில் வைத்துப் பார்த்ததில் ஒரு செய்தியில் நான்கு பத்தி நிற்கிறது, இன்னொன்றில் ஒரே வரி. 2012 பிழையைத் திருத்திவிட்டேன். அல்பேனிய மொழியில் தேடக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை வரைவை என்ன செய்வது?

பதில்: சான்றுஎங்கே

ஒன்று உறுதியாகிவிட்டது, இன்னும் ஒன்றிரண்டு போதும். இப்போதே பொதுவெளிக்கு நகர்த்தினால் யாராவது நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பு) இடுவார்கள், உரையாடல் நடக்கும்போது அவசரமாகச் சான்று தேட வேண்டிவரும். மணல்தொட்டியிலேயே இருக்கட்டும்.

அந்த நான்கு பத்திச் செய்தியை வைத்து, "ஒலிம்பிக்கில் கொசோவோ" என்ற கட்டுரையில் பயிற்சி பற்றி ஒரு துணைத்தலைப்பு எழுதுங்கள். 2024 பாரிஸ் வரை அந்த நாடு வாங்கிய 5 ஒலிம்பிக் பதக்கமும் ஜூடோவில் வந்தவை, ஐந்தையும் வாங்கியவர்கள் பெண்கள். குக்கா பற்றிய செய்தி அங்கே மிக இயல்பாகப் பொருந்தும். பிறகு "டிரிட்டன் குக்கா" என்ற தலைப்பை அந்தத் துணைத்தலைப்புக்கு வழிமாற்றாக்குங்கள், அதைத் திறப்பவர் தானாக அங்கே போய்ச் சேருவார். தேடுகிறவருக்குத் தகவல் கிடைத்துவிடும். சான்று சேர்ந்ததும் வழிமாற்றை எடுத்துவிட்டு அதே பக்கத்தில் முழுக்கட்டுரையை இடலாம்.

பாரிசில் வந்த வெள்ளி, வெண்கலம் இரண்டையும் அவர் கணக்கில் எழுதுமுன் ஒவ்வொன்றுக்கும் பயிற்றுநர் என்று சான்று யாரைச் சொல்கிறது எனப் பாருங்கள். தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவர், வீராங்கனையின் சொந்த மன்றத்தில் பயிற்றுநர் வேறொருவர் என்பது ஜூடோவில் சாதாரணம். அந்த இன்னொருவரின் உழைப்பை நாம் அழித்துவிடக் கூடாது.

பதில்: பழையபக்கம்

அல்பேனியச் செய்தி கிடைத்தால் இங்கே இணைப்பு இடுங்கள், தமிழாக்கத்தைச் சேர்ந்து பார்க்கலாம். கிராஸ்னிச்சி என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. அல்பேனிய மொழியில் அந்த "கியூ" எழுத்துக்குச் "ச்ச" ஒலி, "கிராஸ்னிகி" என்று யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.