மறுமொழி: நாற்றை வெளிக்குப் பழக்குவதற்கு ஒரு சொல்

வணக்கம். நாற்றை வெளிக்குப் பழக்கும் வேலைக்கு (ஆங்கிலத்தில் hardening off) தமிழில் என்ன சொல் என்று இங்கே கேட்டிருந்தீர்கள், அதற்கு என் பதில்.

> "நாற்றைக் கடினப்படுத்தல்" என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, அது போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குள் தட்டில் முளைக்கவைத்த பூ நாற்றை நிலத்தில் நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வைத்து எடுக்கிறோமே, அந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். கடினம் என்றதும் சீமெந்தும் இரும்பும் நினைவுக்கு வருகின்றன. வன்மைப்படுத்தல் என்ற இன்னொரு சொல் பரவாயில்லை, ஆனால் வீட்டுத்தோட்டம் செய்கிற ஒருவரிடம் சொன்னால் என்ன செய்யவேண்டும் என்று விளங்காது.

நடப்பதைப் பாருங்கள். யன்னலோரத்தில் வளர்ந்த நாற்றின் இலையில் மெழுகுப் படை மெல்லியது, காற்றே படாததால் தண்டும் நெடுத்து மெலிந்திருக்கும். அதைக் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்துப் பல்கனி ஒன்றில் உச்சி வெயிலில் நேரே வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டுகள் விழும், பிறகு அந்த இடம் சருகாகிவிடும், திரும்பப் பச்சையாகாது. அதனால் முதலில் நிழலில் ஓரிரு மணி நேரம், அப்புறம் காலை வெயில், தண்ணீரையும் வாடவிடாத அளவுக்குச் சற்றுக் குறைத்து, கடைசியில் இரவும் வெளியே. இதற்குள் மெழுகுப் படை தடிக்கிறது, காற்று ஆட்ட ஆட்டத் தண்டும் உரம் பெறுகிறது.

> அப்படியானால் "வெயில் பழக்கல்"?

பாதி சரி. பழக்கு என்ற வினையை விடவே கூடாது. மாட்டை வண்டிக்குப் பழக்குகிற அதே வினைதான், படிப்படியாக என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வெயில் என்றால் பொருள் குறுகிவிடும். குளிர்நாடுகளில் உறைபனிக்காலம் முடிகிற சமயம் இதைச் செய்வது குளிருக்காகவும்தான். கொழும்பில் உறைபனி இல்லை, நமக்கு வெயிலும் கடற்காற்றும், மே மாதமளவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும். கனடாவில் தோட்டம் வைத்திருக்கும் தமிழருக்கும் இதே சொல் உதவவேண்டும் அல்லவா?

ஆகவே நான் சொல்வது வெளிப்பழக்கல். "சீனியா நாற்றை வெளிப்பழக்கி நடுக", "வெளிப்பழக்காத நாற்று" என்று எப்படி எழுதினாலும் இடறவில்லை. இங்கே சொல்லப்பட்ட முதிர்த்தல் என்ற யோசனையை மட்டும் ஏற்க முடியாது, முதிர்ந்த நாற்று என்றால் நடும் பருவம் தாண்டியது என்றுதான் கமக்காரர் எடுத்துக்கொள்வார்கள்.

நுவரெலியாப் பக்கம் நாற்றுமேடை வைத்திருப்பவர்கள் யாரும் இங்கே இருந்தால், உங்கள் வாயில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வழங்குகிறதா என்று எழுதுங்கள். இருந்தால் அதையே வைத்துக்கொள்வோம்.