பிராண்டட் வாங்குவதா, அசெம்பிள் செய்வதா? எஸ்எம்பிஎஸ் மாற்றப்போன இடத்தில் வந்த சந்தேகம்

கணக்கு டீச்சர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017இல் வாங்கிய பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். ஐ5-7500 ப்ராசசர், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பிறகு ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். மாணவர்களுக்கான கணக்குப் பாடங்களை மொபைலில் 4கே வீடியோவாக எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில் எடிட் செய்து அனுப்புவதுதான் முக்கிய வேலை.

ஒரு மாதமாக எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியிலேயே கணினி பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை, மின்சாரம் போனதுபோல நின்றுவிடுகிறது. டைப் செய்யும்போதும் படம் பார்க்கும்போதும் ஒரு பிரச்சினையும் இல்லை. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போயிருக்கும் என்று நினைத்து 550 வாட் ஒன்று வாங்கிவந்து கேபினட்டைத் திறந்தேன். புதியதில் 24 பின் கனெக்டர் இருக்கிறது, என் மதர்போர்டில் இருப்பது 6 பின். எப்படிப் பார்த்தாலும் பொருந்தவில்லை. பழைய எஸ்எம்பிஎஸ் 240 வாட், அதன் அளவும் வேறு.

இதற்கு மேல் இந்தப் பெட்டிக்குச் செலவு செய்ய மனமில்லை. இன்னொரு பிராண்டட் வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். என் தம்பி, பாகங்களை வாங்கி நீயே அசெம்பிள் செய் என்கிறான். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், ஆனால் ப்ராசசரைத் தொட்டதே இல்லை. பின்னை வளைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பாடங்களை நிறுத்த முடியாது, அதனால் ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். எது சரி?

திருப்புளி:

அக்கா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு வார அவசரத்தில் எடுக்கும் முடிவோடு அடுத்த ஏழெட்டு வருடம் நீங்கள் வாழ வேண்டியிருக்கும்.

முதலில் பழுது எங்கே என்று உறுதிசெய்துகொள்வோம். எச்சரிக்கையே இல்லாமல் சட்டென்று அணைந்தால், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்திருக்கும், அல்லது ப்ராசசர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் கொடுங்கள். உங்கள் ப்ராசசருக்கு 100 டிகிரிதான் வரம்பு. அதன் பக்கத்தில் போகாமலேயே அணைந்தால் சூடு காரணமில்லை.

அடுத்து, மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு 1650 கார்டைக் கழற்றுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகி, அதே எக்ஸ்போர்ட்டை மறுபடி ஓட்டுங்கள். ஐ5-7500க்குள்ளேயே எச்டி 630 கிராபிக்ஸ் இருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் போகும். அந்தக் கார்டு மட்டுமே 75 வாட் வரை இழுக்கும். வயதான 240 வாட் எஸ்எம்பிஎஸ் அந்தச் சுமையில்தான் தடுமாறுகிறது என்பது என் ஊகம்.

கணக்கு டீச்சர்:

இரண்டையும் செய்து பார்த்தேன். கார்டு இருக்கும்போது 68 டிகிரியிலேயே அணைந்துவிட்டது. கழற்றிய பிறகு இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்தேன், இரண்டும் முழுதாக முடிந்தன. நேரம்தான் இரண்டு மடங்கு ஆகிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராகிவிடும். பெரிய நிம்மதி, தம்பி. இனி நிதானமாக யோசிக்கலாம்.

அந்த 6 பின் விஷயத்தைப் பற்றிச் சொல்லுங்களேன். 24 பின்னை 6 பின்னாக மாற்றும் கேபிள் கிடைக்கிறதாமே?

திருப்புளி:

கிடைக்கிறது, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு நிறுவனமும் பின்களை வேறு வேறு வரிசையில் வைக்கிறது. வேறு மாடலுக்கான கேபிளைச் செருகினால் மதர்போர்டே போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் வேறு என்கிறீர்கள், கேபினட்டுக்குள் அதைத் திருகவும் முடியாது.

இதன் பின்னணி இதுதான். இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டின் திருகு துளைகள், எஸ்எம்பிஎஸ்ஸின் உருவம், கனெக்டர் எல்லாம் அதில் அடக்கம். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் போர்டில் இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸை யோசிக்காமல் செருகுகிறோம். பெரிய பிராண்டட் நிறுவனங்கள் பல, செலவையும் இடத்தையும் குறைக்கச் சொந்தமாக ஒரு வடிவம் வைத்துக்கொண்டன. எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் தரும், 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே தயாரித்துக்கொள்ளும். இந்த யோசனையில் தவறில்லை. 2020இல் இன்டெல்லே 12விஓ என்ற பெயரில் 10 பின் கனெக்டரோடு இதை ஒரு பொது முறையாக்கியது. ஆளுக்கொரு பின் வரிசை வைத்துக்கொண்டதுதான் உங்களைப் போன்றவர்களை மாட்டிவிடுகிறது.

என் வாக்கு அசெம்பிளுக்கே. ஆறு கோர் ப்ராசசர் ஒன்று, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஒன்று போதும். வாங்கிய 550 வாட் எஸ்எம்பிஎஸ், 1650 கார்டு, பழைய ரேம் மூன்றையும் அப்படியே பயன்படுத்தலாம்.

அலுவலகப் பராமரிப்பு:

ரேம் பற்றி ஒரு திருத்தம். டீச்சரின் பழைய ரேம் டிடிஆர்4 வகை. இப்போது ஏஎம்5 (ஏஎம்டி ப்ராசசர்களுக்கான சாக்கெட்) போர்டு வாங்கினால் அது அடுத்த தலைமுறையான டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திச் செருக முயன்றால் ஸ்லாட் உடையும்.

இனி என் கருத்து. நான் வேலைக்காக நாற்பது கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன், எல்லாமே பிராண்டட். அவற்றை அசெம்பிள் செய்திருக்கலாமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. காரணம் பழுது வரும் நாள்தான். பிராண்டட் என்றால் ஒரே சீரியல் எண், ஒரே தொலைபேசி அழைப்பு, போர்டோ ரேமோ அவர்களே கண்டுபிடித்து மாற்றுவார்கள். அசெம்பிளில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 வருடம், 10 வருடம்கூடத் தருகிறார்கள், அது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் திரை வரவில்லை என்றால் போயிருப்பது போர்டா, ப்ராசசரா, ரேமா? மாற்றிப் போட்டுப் பார்க்க இன்னொரு ரேம் வீட்டில் இருக்காது, இன்னொரு ப்ராசசர் நிச்சயம் இருக்காது. புதியவர்கள் தவிப்பது இந்த இடத்தில்தான். அசெம்பிள் செய்யச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

விலையில் எது லாபம் என்பதற்கும் நிரந்தரமான விடை கிடையாது. 2021இல் கிராபிக்ஸ் கார்டுக்குப் பஞ்சம் வந்தபோது, தனியாகக் கார்டு கிடைக்காமல் அதற்காகவே முழுக் கணினி வாங்கியவர்கள் உண்டு. 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபோதும் பழைய கையிருப்பில் செய்த பிராண்டட் கணினிகள் சில இடங்களில் மலிவாக இருந்தன. விண்டோஸ் உரிமத்தையும் கணக்கில் சேருங்கள். பிராண்டட்டில் அது உள்ளேயே வருகிறது, அசெம்பிளில் தனியாக வாங்க வேண்டும். பழைய கணினியோடு வந்த உரிமம் அந்தப் போர்டோடு பிணைந்தது, அதைப் புதியதற்குக் கொண்டுபோக முடியாது.

கணக்கு டீச்சர்:

நீங்கள் இருவரும் சொல்வது நியாயமாகவே படுகிறது, அதனால்தான் குழப்பம் கூடிவிட்டது! பிராண்டட் வாங்கினால் மறுபடி இந்த 6 பின் கதையில் மாட்டாமல் இருக்க என்ன கேட்டு வாங்க வேண்டும்?

அலுவலகப் பராமரிப்பு:

நல்ல கேள்வி டீச்சர். விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: மதர்போர்டில் 24 பின் கனெக்டரா, எஸ்எம்பிஎஸ் சாதாரண ஏடிஎக்ஸ் அளவா? தெரியாது என்றால் பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அல்லது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் படம் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் அதைப் பொதுவில் வைத்திருக்கின்றன. மேனுவல் பார்க்காமல் நான் ஒரு மாடலையும் வாங்குவதில்லை.

அப்புறம் ரேம். 16 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே ஒரே ஒரு ஸ்டிக் இருக்கும். ஒரு ஸ்டிக் என்றால் ஒரே சேனல், ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதையில் பாதி வீணாகும். ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி வேலை செய்தால் இது நன்றாகவே தெரியும். காலி ஸ்லாட் இருந்தால் பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், ஸ்லாட்டே ஒன்றுதான் என்றால் வேண்டாம்.

உங்கள் முடிவு ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. கணினி நின்றுபோனால் அன்றைக்கே வேறொருவர் வந்து சரிசெய்ய வேண்டுமா, அல்லது இரண்டு மாலை செலவழித்து நீங்களே பார்ப்பீர்களா? நீங்களாகவே எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்து கேபினட்டைத் திறந்தவர். அதைப் படித்ததும், இவருக்கு அசெம்பிள் ஒத்துவரும் என்றே தோன்றியது. பிராண்டட் பக்கம் பேசும் நானே இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது ஸ்லாட்:

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுத்து, பூட்டித் தரும் வேலையைக் கடைக்காரரிடம் விடலாம். எல்லாமே பொது அளவுப் பாகங்கள், முதல் நாள் பழுதுக்கு அவர் பொறுப்பு. பட்டியலில் "500 வாட் எஸ்எம்பிஎஸ்", "16 ஜிபி ரேம்" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நிறுவனம், மாடல் எண் இரண்டையும் பில்லில் போடச் சொல்லுங்கள். இதை எழுதி வாங்காததால் எனக்குப் பெயரே தெரியாத எஸ்எம்பிஎஸ் ஒன்று வந்தது, எட்டு மாதத்தில் அது கார்டையும் சேர்த்துக்கொண்டு போனது.

பின் வளையும் பயத்துக்கு: ஏஎம்5இல் பின்கள் ப்ராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. ப்ராசசரின் மூலையில் உள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்துவைத்து, மேலிருந்து நேராக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தள்ளவோ நகர்த்தவோ கூடாது. நெம்புகோலை இறக்கும்போது நறநறவென்று சத்தம் வரும், அழுத்தமாகவும் இருக்கும். எல்லோரும் அங்கே பயப்படுவார்கள், ஆனால் அது இயல்புதான்.

கணக்கு டீச்சர்:

நானே பூட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ரைசன் 5 7600, பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக் இரண்டு. 550 வாட் போதுமா? கூலர் தனியாக வேண்டுமா?

திருப்புளி:

தாராளமாகப் போதும். 7600 என்பது 65 வாட் ப்ராசசர், முழுச் சுமையில் 88 வாட் வரை போகும். கார்டு 75 வாட். மற்றதையெல்லாம் சேர்த்தாலும் 250ஐத் தாண்டாது. பெட்டியாக வரும் 7600இல் கூலரும் சேர்ந்தே வரும், அதன் அடியில் தெர்மல் பேஸ்ட்டும் பூசியிருக்கும். பக்கத்தில் இருக்கும் 7600எக்ஸை மாற்றி எடுத்துவிடாதீர்கள், அதில் கூலர் வராது. ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது, குறைந்தது 2027 வரை ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதனால் சில வருடம் கழித்துப் போர்டை மாற்றாமல் ப்ராசசரை மட்டும் மாற்ற வாய்ப்பு இருக்கிறது.

பூட்டும்போது இரண்டு இடத்தில் கவனம். கேபினட்டில் போர்டு உட்காரும் பித்தளைக் குமிழ்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் ஷார்ட் ஆகும். அப்புறம் போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்கென்று தனியாக ஒரு 8 பின் இருக்கும். 24 பின்னைச் செருகியதும் வேலை முடிந்ததென்று நினைத்து அதை விட்டுவிடுவார்கள்.

கணக்கு டீச்சர்:

அவசரம்! பூட்டி முடித்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. 8 பின் செருகியிருக்கிறேன், மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கிறது. ரேம் போய்விட்டதா?

மூன்றாவது ஸ்லாட்:

அணைக்காதீர்கள்! கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். டிடிஆர்5 முதல் முறை இயங்கும்போது போர்டு ரேமின் வேகத்தையும் நேர இடைவெளிகளையும் தானே சோதித்துப் பழகிக்கொள்ளும். சில நிமிடம் ஆகும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். இடையில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் அணைத்துவிட்டு, ப்ராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் ரேம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஸ்டிக்கோடு மட்டும் முயலலாம்.

கணக்கு டீச்சர்:

வந்துவிட்டது! ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) 7600, 32 ஜிபி எல்லாம் காட்டுகிறது. ஆனால் ரேம் வேகம் 4800 என்றிருக்கிறது, பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறார்கள்.

திருப்புளி:

வாழ்த்துகள் அக்கா! பயாஸில் எக்ஸ்போ என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்கிச் சேமித்தால் 6000 வரும். சேமித்ததும் மறுபடி சில நிமிடம் திரை கறுப்பாகலாம், இந்த முறை உட்கார்ந்தே இருங்கள். அது ஓவர்கிளாக்கிங் (இயல்பான வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) கணக்கில் சேரும் என்பதால், முதலில் 4800லேயே விண்டோஸ் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கணக்கு டீச்சர்:

சரி, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். பழைய பெட்டியை என்ன செய்வது? கார்டு இல்லாமல் நன்றாகத்தான் ஓடுகிறது. என் வகுப்பில் கணினி இல்லாத பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குக் கொடுக்கலாமா?

அலுவலகப் பராமரிப்பு:

தாராளமாகக் கொடுங்கள் டீச்சர். ஐ5-7500க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது, விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுங்கள், தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துவிடலாம். 16 ஜிபி ரேமோடு அவனுக்குப் பல வருடம் வரும். அந்த 240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டாம் என்று கேபினட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.