அம்மாவின் பிறப்புச் சான்றிதழ்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தால் பெயர்ச் சிக்கல். அடையாள அட்டையில் முத்துலெட்சுமி, தோட்டத்துப் பதிவில் வெறும் லெச்சுமி. பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். கணினியில் ஏற்றிய பதிவென்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம்தானே, அதை நம்பிப் பக்கத்திலேயே கேட்டேன். தேடியும் வரவில்லை, பிறந்த மாவட்டத்துக்கே போகச் சொல்லிவிட்டார்கள். அது பதுளை. முழங்கால் வலியோடு அவரை பஸ்ஸில் ஏற்ற மனமில்லை.

பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்து, பழைய பதிவின் பிரதியைத் தபாலில் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பதிவு இலக்கம் தெரியாமல் பிறந்த திகதியை வைத்தே தேடித் தருவார்களா? பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி போதுமா? அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்தால் தமிழிலேயே கேட்கலாம், சரி. ஆனாலும் அனுபவப்பட்டவர் சொன்னால் தெம்பு. தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், பதில் பிந்தினால் கோபிக்காதீர்கள்.