மாலை போடாத படம்: தரம் 4 மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, கிளிநொச்சி

சுற்றாடல் பாடத்தில் உயிருள்ளவை பற்றிக் கற்பிக்கும்போது, பட்டுப்போன முருங்கைக் கன்று ஒன்றைக் காட்டி, இறந்தது மீண்டும் உயிர் பெறாது என்று விளக்கினேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "எங்கட வீட்டில அப்பப்பாவின்ர படத்துக்கு மாலை போட்டிருக்கு. மாமாவின்ர படத்துக்குப் போட அம்மம்மா விடுறா இல்லை. மாமா செத்தவரோ இல்லையோ, ரீச்சர்?" என்று கேட்டாள். அவளுடைய மாமா, போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்டு, அதன்பின் என்ன ஆனார் என்று தெரியாதவர். அப்போது இவள் பிறக்கவே இல்லை. பாடவேளை முடிந்து மணி அடித்ததால் அன்று தப்பினேன். மறுபடி கேட்டால் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், முல்லைத்தீவு

செத்தவீட்டில் பந்தம் பிடித்து, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குச் சாவைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பிள்ளை வாய் திறந்து கேட்டால்தான் நாம் "நித்திரை கொள்கிறார்" என்று மழுப்புகிறோம். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு சிறுவன், சுடலையிலிருந்து திரும்பியவர்களிடம், "தாத்தா எழும்பினால் தனிய எப்படி வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். ஆகவே "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் மாணவியின் கேள்விக்கு அந்தச் சொல்லும் உதவாது.

உளவளத்துணை ஆசிரியர், வவுனியா

ஹங்கேரியச் சிறுவர்களை ஆராய்ந்து 1948இல் எழுதிய மரியா நாகி, ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவைப் பயணமாகவோ உறக்கமாகவோ கருதுவதைக் கண்டார். உங்கள் மாணவி அந்த வயதைக் கடந்துவிட்டாள். சாவு மீளாதது, எல்லோருக்கும் வருவது என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் மாமாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்கிறாள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று உறுதிப்படாத இந்த நிலையை போலீன் பொஸ் என்ற உளவியலாளர் 'தெளிவற்ற இழப்பு' என்றார். மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்கள், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. சட்டமே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கும்போது, ஆசிரியர் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

ஒரு தாய், மாங்குளம்

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் அதை வகுப்பில் எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் அந்த அம்மம்மாவும் இருந்திருக்கக்கூடும். முதலில் அவரைக் கண்டு பேசுங்கள்; அந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்வது என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

கேள்வி கேட்ட ஆசிரியை

ஞாயிற்றுக்கிழமை சென்றேன். "தெரியாது எண்டு சொல்லுங்கோ பிள்ளை, செத்தவன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். திங்கட்கிழமை மாணவியைத் தனியே அழைத்து, மாமாவுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் மாலை இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அவற்ர பிறந்தநாளுக்கு இந்த முறையும் அம்மம்மா பாயாசம் காய்ச்சுவா" என்று கூறிவிட்டு விளையாடப் போனாள்.