சிஞ்சார் வானில் பறந்த பட்டங்கள்: இலண்டன் வடிவமைப்புக் கண்காட்சியில் எங்கள் அனுபவங்கள்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து

இலண்டன் வடிவமைப்புக் கண்காட்சியை நேரிற் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். 2018 செப்டெம்பரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது என் பெறாமகள் என்னை அங்கே அழைத்துச் சென்றாள். 2016 இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தத் திட்டமிடப்பட்ட இக்கண்காட்சியில் நாடுகளும் நகரங்களும் தத்தமக்கென ஓர் அறையைப் பெற்று, பொதுவான ஒரு கருப்பொருளுக்குத் தம் பதிலை வடிவமைப்பாக முன்வைக்கின்றன. அந்த ஆண்டின் கருப்பொருள் 'உணர்வு நிலைகள்' என்பதாகும்.

கண்காட்சி நடந்த சொமர்செட் மாளிகை தேம்ஸ் நதியோரம் உள்ளது. இங்கிலாந்தின் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகள் நெடுங்காலம் அங்கேதான் இருந்தனவாம். சுனாமியில் பிறப்புச் சான்றிதழ் முதல் காணி உறுதி வரை அனைத்தையும் இழந்து, தாம் இன்னார்தான் என்று நிரூபிப்பதற்கே அலைந்த மக்களின் ஊரிலிருந்து போனவள் என்பதால், அந்தச் செய்தியை என்னாற் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

முற்றத்தில் கிரேக்க நாட்டவர் 17 மீற்றர் நீளமான ஒரு சுவரை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே காலடி வைத்தால் அது வளைந்து விலகி வழி விடுகிறது. அவுஸ்திரேலிய அறையில் 2017 இல் அங்கே சட்டமான, ஒருபாலினத்தவருக்கான திருமண சமத்துவத்தை வண்ண ஒளியிழைகளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அழகாக இருந்தாலும் அங்கே நான் அதிகம் நிற்கவில்லை. அமெரிக்க அறையில் கமெரா நம் முகத்தைப் பார்த்து நம் உணர்ச்சி என்னவென்று கணிக்கிறது. அக்கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அந்த அறை எழுப்பிய கேள்வி. இளையவர்கள் சிரித்தும் முறைத்தும் அதனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போர்க்காலச் சோதனைச்சாவடி வரிசையில் அடையாள அட்டையை நீட்டியபடி, பயமும் கோபமும் வெளியே தெரியாமல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிய எங்கள் தலைமுறைக்கு அந்தக் கேள்வி புதியதன்று. அந்தக் கருவியால் எங்களுடைய முகங்களில் எதை வாசித்திருக்க முடியும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

நான் நெடுநேரம் நின்றது ஐக்கிய இராச்சியத்தின் அறையில்தான். 2014 ஆகஸ்ட்டில் ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் யஸீதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த மக்கள் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) இயக்கத்தினரால் கொன்றொழிக்கப்பட்டதும், அவர்களுடைய வழிபாட்டிடங்கள் தகர்க்கப்பட்டதும் நாம் அறிந்தவை. 'ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர்' என்ற ஆய்வுக் குழுவினர், அந்த அழிவின் சான்றுகளை யஸீதிகள் தாமே சேகரிக்கும்படி அவர்களுக்குப் பயிற்சியளித்திருந்தார்கள். பட்டம், ஹீலியம் பலூன், பிளாஸ்டிக் போத்தல் போன்ற எளிதிற் கிடைக்கும் பொருட்களைக்கொண்டு கமெராவை மேலே அனுப்பி, இடிபாடுகளைப் பல கோணங்களிற் படமெடுத்து, அப்படங்களை இணைத்துக் கணினியில் முப்பரிமாண உருவமாக்குகிறார்கள். எங்கள் கடற்கரையில் பிள்ளைகள் ஏற்றும் பட்டம் அங்கே ஓர் ஊரின் அழிவுக்குச் சாட்சி சேர்க்கும் கருவியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களைப் படமெடுத்துச் சுவரில் மாட்டுவது எளிது. ஆனால் இங்கே கமெரா அவர்கள் கையிலேயே இருந்தது. அடையாளம் பற்றிப் பேசும் எந்தக் கண்காட்சியையும் அன்றிலிருந்து நான் அந்த அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன். 'சின்னம்மா, வாங்க, நேரமாகுது' என்று பெறாமகள் கூப்பிட்ட பிறகே அங்கிருந்து நகர்ந்தேன்.

மருதமுனையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். கல்லடிச் சகோதரியின் பதிவைப் படித்த பின்னர் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. படிப்புக்காக இலண்டனில் இருந்த நான் 2021 ஜூனில் அடுத்த கண்காட்சிக்குப் போனேன். அதனை வழிநடத்திய எஸ் டெவ்லின் என்ற கலைஞர், அதே முற்றத்தில் 400 மரங்களைக் கொண்டு ஒரு காட்டையே அமைத்திருந்தார். அந்த மாளிகையை 18 ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த வில்லியம் சேம்பர்ஸ், முற்றத்தில் மரங்கள் கூடாது என்று விதித்திருந்தாராம். அவ்விதியை அறிந்ததே தமக்கு உந்துதல் என்று டெவ்லின் கூறியிருந்தார். காட்டின் நடுவே, 2030 ஆம் ஆண்டுக்குள் எட்டுவதாக ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுக்கும் ஒவ்வொரு தூண் நாட்டப்பட்டிருந்தது.

கொரோனா காலத்தில் அறைக்குள் அடைபட்டிருந்த எனக்கு அந்த நிழல் பெரும் ஆறுதல் தந்தது என்பதை மறைக்க மாட்டேன். எனினும், காலநிலை மாற்றம் பற்றிய தூணின் முன் நின்றபோது, எங்கள் கிழக்கின் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் கடலரிப்பால் வேரோடு கடலுக்குள் சாய்ந்து கிடக்கும் தென்னைகளே என் நினைவுக்கு வந்தன. அந்தக் கரையில் தோணி ஏற்ற இடமில்லாத மீனவர் எவருடைய குரலையும் நான் அந்தக் காட்டில் கேட்கவில்லை. சகோதரி சொன்ன அளவுகோல் இதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்போன ஊர். என் வாப்பா தறியில் வளர்ந்தவர். சுனாமி எங்கள் ஊரில் உயிர்களோடு தறிகளையும் கொண்டுபோனது. மீண்டும் தறி பூட்டியவர்கள் சிலர், தொழிலையே விட்டவர்கள் பலர். நாளை கிழக்கு மாகாணத்துக்கென அப்படியொரு கண்காட்சியில் ஓர் அறை கிடைக்குமானால், மருதமுனைச் சாரனையும் புடவையையும் கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு, 'பாரம்பரியம்' என்று ஓர் அட்டையை ஒட்டுவதை நான் விரும்பமாட்டேன். தறியை அங்கே பூட்ட வேண்டும். பாவு ஓட்டுவதையும், நாடா போய் வருவதையும், நூல் விலை ஏறும்போது ஒரு புடவையில் நெசவாளிக்குக் கூலியாக என்ன மிஞ்சுகிறது என்பதையும் தறியில் இருப்பவரே பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். என்ன காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டும்.

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக்கலை பயிலும் மாணவர்கள் எவரேனும் இதனைப் படிப்பீர்களாயின், முதலில் இதை நம் ஊரிலேயே சிறிய அளவிற் செய்து பார்க்க முடியுமா என்று எழுதுங்கள். தறிக்கும் இடத்துக்கும் நான் பொறுப்பு, வாப்பாவிடமும் பேசிவிட்டேன்.